விடாப்பாட்டு

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் வேலப்பன்சாவடிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக இருக்கும். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கூழ் ஊற்றும் பந்தல் என்றால் ஸ்பீக்கர் இல்லாமலா? விடியும் முன்பே எல்.ஆர்.ஈஸ்வரி பாடத் தொடங்கிவிடுவார். உடுக்கையும் பம்பையும் சேர்ந்துகொள்ளும். பல் தேய்க்கும்போது அவர் குரல், இட்லி சாப்பிடும்போது அவர் குரல், கடைக்குப் போய் வரும்போதும் அவர் குரல்.

இரவானதும் சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். தெரு அடங்கிவிடும். மறுநாள் கணக்குப் பரீட்சை. புத்தகத்தை விரித்து, முக்காலிலிருந்து ஐந்தில் இரண்டைக் கழிக்க உட்கார்ந்தால், பகுதியைச் சமமாக்குவதற்குள் பாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். முழுப் பாட்டுகூட இல்லை. அதில் ஒரே ஒரு வரி. அது முடிந்ததும் மறுபடி அதே வரி.

“அம்மா, ஸ்பீக்கரைக் கழட்டிட்டாங்க. ஆனா பாட்டு நிக்கலையே!”

இது ஆடியில் மட்டும் நடப்பதில்லை. காலையில் குப்பை வண்டி ஒரு பாட்டோடு வருகிறது. பக்கத்து வீட்டுக் கார் பின்னால் வரும்போது ஒரு மெட்டு அடிக்கிறது. டிரைவர் கியரை மாற்றியதும் அந்த மெட்டு பாதியில் அறுந்துபோகிறது. டிவியில் சோப்புக்கு ஒரு பாட்டு, மசாலாவுக்கு ஒரு பாட்டு. இதில் ஏதோ ஒன்று உள்ளே போய்விடுகிறது. அப்புறம் நாம் கூப்பிடாமலே அது வருகிறது, போகச் சொன்னாலும் போக மறுக்கிறது.

நம் வீடுகளில் இதற்கென்று தனியாக ஒரு பெயர் இல்லை. “காலைலேர்ந்து ஒரே பாட்டு மண்டைல ஓடுது” என்போம். “வாயில ஒட்டிக்கிச்சு” என்போம். எங்கள் தெருப் பிள்ளைகளிடம், “இதுக்கு ஒரு பேர் வையுங்க பார்ப்போம்” என்று கேட்டேன். உடனே வந்து விழுந்தன பெயர்கள். மண்டை ரேடியோ. ரிப்பீட்டு. பாட்டுப்பேய். பாட்டரிப்பு. ஒட்டுப்பாட்டு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “விடாமழைன்னு சொல்றோம் இல்ல, அந்த மாதிரி விடாப்பாட்டு” என்றாள்.

ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும்போது அது எப்படிப்பட்டது என்றும் நாம் சொல்லிவிடுகிறோம். ரேடியோ என்றால் எங்கிருந்தோ யாரோ ஒலிபரப்புகிறார்கள் என்று அர்த்தம். பேய் என்றால் வெளியிலிருந்து வந்து பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அரிப்பு என்றால் சொறியச் சொறிய அதிகமாகும் என்று அர்த்தம். இவற்றில் எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது? விஞ்ஞானிகள் கண்டுபிடித்தவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் உலகத்தில் மற்றவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஜெர்மன்காரர்கள் ‘ஓர்வுர்ம்’ என்கிறார்கள். காதுப்புழு என்று பொருள். வாலில் இடுக்கி வைத்த ஒரு சின்னப் பூச்சிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. அந்தப் பூச்சி தூங்குகிறவர்களின் காதுக்குள் நுழைந்துவிடும் என்று அந்தக் காலத்தில் அங்கே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பெயர் பூச்சியிலிருந்து பாட்டுக்குத் தாவிவிட்டது. ஆங்கிலக்காரர்களும் அதையே தங்கள் மொழியில் ‘இயர்வார்ம்’ என்று மாற்றி எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியர்களுக்கு அது தொல்லைப்பாட்டு, பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலையை விட்டுப் போகாத இசை, போர்த்துக்கீசியம் பேசும் பிரேசில்காரர்களுக்குக் காதுச் சூயிங்கம். அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விளம்பரங்களைப் பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் கெலாரிஸ் என்ற பேராசிரியர் இதை மூளைக்கு வரும் அரிப்பு என்றார். நம் தெருப் பையன் சொன்ன பாட்டரிப்பும் அதேதான். அவன் கெலாரிஸைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை! ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘நாம் நினைக்காமலே மனதில் எழும் இசை’ என்ற பொருளில் நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். சரியான பெயர்தான், ஆனால் விளையாடும்போது சொல்ல முடியாது. நான் விடாப்பாட்டு என்றே சொல்லப்போகிறேன்.

பேயை முதலில் அனுப்பிவிடலாம். பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸி லீக்கானென் என்ற ஆராய்ச்சியாளர் தன் நாட்டில் 12,000-க்கும் அதிகமானவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு 2012-இல் எழுதினார். பத்தில் ஒன்பது பேர், வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படிப் பாட்டு ஓடுவதாகச் சொன்னார்கள். அதாவது உங்களுக்கு, உங்கள் டீச்சருக்கு, பஸ் டிரைவருக்கு, டாக்டருக்கு, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது வருகிறது. இது வியாதி இல்லை. வேலை செய்கிற நல்ல மூளை செய்யும் காரியம். (வெளியே யாரோ பாடுவதுபோலவே காதில் விழுந்தால் அது வேறு விஷயம், அதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். விடாப்பாட்டு ஓடும்போது அது நம் நினைப்புதான் என்பது நமக்கே நன்றாகத் தெரியும்.)

அடுத்தது ரேடியோ. ரேடியோவில் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை போகும். விடாப்பாட்டு அப்படிப் போவதில்லை. பல்லவியில் ஒரு துண்டு, சில வினாடி நீளம், அதுவே சுற்றிச் சுற்றி வரும். அது மட்டுமில்லை, ரேடியோ வெளியே இருக்கிறது. விடாப்பாட்டைப் பாடுவது யார்?

இதற்கு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் அழகான ஒரு சோதனை செய்தார்கள். டேவிட் கிரேமரும் அவர் நண்பர்களும் சிலரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துப் பாட்டுப் போட்டார்கள். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று அந்தக் கருவி படமெடுத்துக் காட்டும். சில பாட்டுகள் கேட்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை, சில தெரியாதவை. நடுநடுவே சில வினாடிகள் ஒலியை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் வெறும் அமைதி. தெரியாத பாட்டில் அமைதி வந்தபோது கேட்டவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்த பாட்டில் அமைதி வந்தபோது, பாட்டு உள்ளுக்குள் தொடர்ந்து ஓடியதாக அவர்கள் சொன்னார்கள். படத்திலும் அது தெரிந்தது. காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில், ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி இருக்கிறது. காதில் எதுவும் விழாத அந்த நேரத்தில் அந்தப் பகுதி சும்மா இருக்கவில்லை. விடுபட்ட இடத்தை அதுவே பாடி நிரப்பிக்கொண்டிருந்தது. வரிகள் இல்லாத, வாத்தியம் மட்டும் இருந்த இசையில் இந்த நிரப்பும் வேலை இன்னும் ஆழமாக, ஒலி முதன்முதலில் வந்து சேரும் இடம்வரை போயிருந்தது. 2005-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது.

இதை நீங்களும் செய்யலாம், எம்.ஆர்.ஐ. வேண்டாம். டிவியில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஓடும்போது ரிமோட்டில் மியூட்டை அழுத்துங்கள். மனதுக்குள் பாடிக்கொண்டே வாருங்கள். ஐந்து வினாடி கழித்து மறுபடி அழுத்துங்கள். டிவியில் பாடுகிறவரும் நீங்களும் கிட்டத்தட்ட ஒரே சொல்லில் இருப்பீர்கள்.

ஆகவே பாடுவது நீங்கள்தான். உங்கள் நினைவுதான். புழு எதுவும் உள்ளே வரவில்லை. அந்த வகையில் காதுப்புழு என்ற பெயர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அது பாட்டை ஏதோ வெளியாள் மாதிரி ஆக்கிவிடுகிறது.

சரி, ஆயிரம் பாட்டு கேட்கிறோம். ஏன் சில பாட்டு மட்டும் இப்படி மாட்டிக்கொள்கிறது?

2011-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி தமிழ்ப் பாட்டு ஒன்று யூடியூபில் வெளியானது. ‘3’ என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்து, தனுஷ் எழுதிப் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’. அனிருத்துக்கு அதுதான் முதல் படம். அப்போது அவருக்கு வயது 21. சில நாட்களுக்குள் தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் அதை முணுமுணுத்தார்கள். டெல்லியில் பாடினார்கள், துபாயில் பாடினார்கள், அர்த்தம் தெரியாமலேயே பாடினார்கள். கொலவெறி என்ற தமிழ்ச் சொல் உலகம் சுற்றியது. உங்கள் அண்ணன் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வருடம் ஸ்கூல் வேனில் வேறு பாட்டே கிடையாது என்பார்கள்.

அப்படிப்பட்ட பாட்டுகளில் என்ன இருக்கிறது என்று இங்கிலாந்தில் கெல்லி யாகுபோவ்ஸ்கியும் உடன் ஆராய்ந்தவர்களும் கணக்கெடுத்தார்கள். 3,000 பேரிடம், “உங்கள் மண்டையில் ஓடும் பாட்டு எது?” என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பாட்டுகளை ஒரு பக்கம் வைத்தார்கள். அதே அளவு பிரபலமாக இருந்தும் யாருமே சொல்லாத பாட்டுகளை இன்னொரு பக்கம் வைத்தார்கள். பிறகு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். 2016-இல் வந்த அந்த முடிவு இது: மாட்டிக்கொள்ளும் பாட்டுகள் கொஞ்சம் வேகமானவை. அவற்றின் மெட்டு ஏறி இறங்கும் விதம் நமக்கு ஏற்கெனவே பழக்கமான விதம். ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாடிப் பாருங்கள். முதல் வரியில் குரல் மேலே போகிறது, அடுத்த வரியில் கீழே வருகிறது. அந்த மாதிரி. ஆனால் முழுக்க முழுக்கப் பழக்கமாக இருந்தாலும் போதாது. எதிர்பாராத ஒரு தாவலோ, வழக்கத்தைவிட அதிகமான திரும்பச் சொல்லலோ அதில் எங்காவது இருக்க வேண்டும். பாட எளிது, ஆனாலும் ஓரிடத்தில் ‘அட!’ என்று இருக்கும். கொலவெறிப் பாட்டில் ஒரே சொற்றொடர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

விளம்பரம் எடுப்பவர்களுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும். குஜராத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா சலவைத்தூளின் விளம்பரப் பாட்டு 1980-களில் டிவியில் வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். “தாத்தா, நிர்மா பாட்டு தெரியுமா?” என்று கேட்டால் போதும், மெட்டு தவறாமல் வரும். தைவான் நாட்டில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே குப்பை வண்டி பீத்தோவன் எழுதிய ‘ஃபூர் எலிஸ்’ இசையைப் போட்டுக்கொண்டு வருகிறது. 200 வருடங்களுக்கு முன் பியானோவுக்காக எழுதிய இசை அது. அங்கே அதைக் கேட்டதும் மக்கள் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள்.

ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. விடாப்பாட்டு என்றாலே எரிச்சல் என்று நினைக்கிறோம். ஆனால் ஆட்களைக் குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்தபோது, ஓடும் பாட்டுகளில் பெரும்பாலானவை அவரவருக்குப் பிடித்த பாட்டுகளாகத்தான் இருந்தன. பிடித்த பாட்டு ஓடும்போது நாம் அதைக் கவனிப்பதே இல்லை, கூடச் சேர்ந்து முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறோம். பிடிக்காதது ஓடினால்தான் அம்மாவிடம் போய்ப் புகார் சொல்கிறோம். அதனால் இத்தாலியர் வைத்த தொல்லைப்பாட்டு என்ற பெயரும் பாதிதான் சரி.

எப்போது வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். இரா ஹைமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மாணவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, சுடோகு போடச் சொன்னார். சிலருக்கு மிகச் சுலபமான சுடோகு, சிலருக்கு மிகக் கஷ்டமான சுடோகு. இரண்டு வகையினருக்கும் பாட்டு திரும்பி வந்தது! சுலபமானதில் மூளைக்கு வேலை போதவில்லை. கஷ்டமானதில், ‘இது நம்மால் ஆகாது’ என்று மனம் விலகிவிட்டது. நடுத்தரமான வேலை, அதாவது யோசிக்கவும் வேண்டும் ஆனால் முடியவும் வேண்டும் என்கிற மாதிரி வேலை இருந்தால் பாட்டுக்கு இடம் குறைகிறது. பாத்திரம் துலக்கும்போதும், மதுரவாயல் சிக்னலில் பஸ் நிற்கும்போதும், புரியாத கணக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் விடாப்பாட்டு வருவதற்கு இதுதான் காரணம்.

பஸ் என்றதும் மார்க் ட்வெய்ன் நினைவுக்கு வருகிறார். ‘டாம் சாயர்’ எழுதினாரே, அவர்தான். 1876-இல் அவர் ஒரு கதை எழுதினார். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் குதிரை இழுக்கும் டிராம் வண்டிகள் ஓடின. எந்தக் கட்டணத்துக்கு எந்த நிறச் சீட்டில் ஓட்டை போட வேண்டும் என்று கண்டக்டருக்குச் சொல்லும் அறிவிப்பு வண்டியில் இருந்தது. அதைச் சிலர் விளையாட்டாகப் பாட்டாக்கினார்கள். ட்வெய்ன் கதையில், ஒருவர் அந்தப் பாட்டைப் பத்திரிகையில் படித்துவிடுகிறார். அவ்வளவுதான். அவரால் எழுத முடியவில்லை, சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. காலடி எடுத்து வைத்தால் பாட்டுக்குத் தாளம் போடுகிறது. கடைசியில் நண்பரான ஒரு பாதிரியாருடன் நடக்கும்போது பாட்டை அவரிடம் சொல்லிவிடுகிறார். சொன்னதும் இவருக்கு விட்டுவிடுகிறது, பாதிரியாரைப் பிடித்துக்கொள்கிறது! பாவம், அவர் ஒரு துக்க வீட்டில் பிரசங்கம் செய்யப் போக, அங்கேயும் அந்தத் தாளம். இந்த அனுபவத்தை விஞ்ஞானிகள் ஆராயத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே ட்வெய்ன் இவ்வளவு துல்லியமாக எழுதிவிட்டார். ஒன்று மட்டும் கதைக்காகச் சேர்த்தது: அடுத்தவருக்குச் சொன்னால் அவருக்கும் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் நமக்கு விட்டுவிடும் என்று உத்தரவாதம் கிடையாது.

பிறகு எப்படித்தான் நிறுத்துவது?

நினைக்கவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது சரிப்படாது. குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியுமே. அதுவரை ஒரு நாளும் குரங்கை நினைக்காதவர், மருந்துக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கையே நினைத்தார். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே சோதனையாகச் செய்தார். வைத்தியர் சொன்ன குரங்குக்குப் பதில் அவர் வெள்ளைக் கரடியை எடுத்துக்கொண்டார். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களின் மனதில் கரடி வந்துகொண்டே இருந்தது. நினைக்காமல் இருக்கிறோமா என்று மனம் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. பார்க்கும்போதெல்லாம் கரடி நிற்கிறது. பாட்டரிப்பு என்ற பெயர் இந்த இடத்தில் பொருந்துகிறது. சண்டை போட்டால் அதிகமாகும்.

பிரேசில்காரர்கள் காதுச் சூயிங்கம் என்றார்கள் இல்லையா? வேடிக்கை என்னவென்றால் மருந்தும் சூயிங்கம்தான். 2015-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீமன் குழுவினர் 98 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒட்டிக்கொள்ளும் பாட்டு ஒன்றைக் கேட்கவைத்துவிட்டு, அது மனதில் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சூயிங்கம் மென்றவர்கள் குறைவாக அழுத்தினார்கள். விரலால் மேசையில் தட்டுவதைக் காட்டிலும் மெல்லுவது நன்றாக வேலை செய்தது.

வாய்க்கும் மண்டைக்குள் ஓடும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு போன் நம்பரைச் சொல்லி, “எழுதுறதுக்குள்ள மறந்துடாதே” என்றால் என்ன செய்வீர்கள்? உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடுவீர்கள். அப்போது உதடு அசையாவிட்டாலும், பேசுவதற்கான ஏற்பாடுகளை மூளை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-இல் இதை விளக்கினார்கள். கேட்டதை இரண்டு மூன்று வினாடி வைத்திருக்கவும், அது மறைவதற்குள் உள்ளுக்குள் மறுபடி சொல்லிப் புதுப்பிக்கவும் நமக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். விடாப்பாட்டு இந்தச் சுற்றில்தான் ஏறிக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். வாயும் தாடையும் வேறு வேலையில் இருந்தால் அந்தச் சுற்று தடுமாறுகிறது. வகுப்பில் சூயிங்கத்துக்கு அனுமதி இல்லை, கவலை வேண்டாம். பதினேழாம் வாய்ப்பாட்டை உதட்டை அசைத்துச் சொல்லிப் பாருங்கள். வாய்க்கு வேலை, யோசனைக்கும் வேலை, இரண்டும் அதில் இருக்கிறது.

இன்னொரு வழி, பாட்டை முழுசாகக் கேட்டுவிடுவது. 1927-இல் பெர்லினில் ப்ளூமா சைகார்னிக் என்ற இளம் பெண் விஞ்ஞானி, முடித்த வேலையைவிடப் பாதியில் விட்ட வேலை அதிகமாக நினைவில் நிற்கிறது என்று கண்டார். அது எப்போதும் ஒரே அளவில் நடப்பதில்லை என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் விடாப்பாட்டில் நமக்குத் தெரிந்தது ஒரு துண்டுதான், அடுத்த வரி தெரியாததால்தான் முதல் வரிக்கே திரும்புகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பின்னால் வரும் காரின் பாதி மெட்டு ஏன் அப்படித் தொந்தரவு செய்கிறது என்று இப்போது புரிகிறதா? பாட்டைக் கடைசிவரை போட்டுக் கேளுங்கள். சிலருக்கு அத்தோடு விட்டுவிடும்.

தூங்கப் போகும் முன் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் கேட்ட பாட்டு இரவிலும் ஓடி, சிலரை எழுப்பிவிட்டது. பிரபலமான பாட்டின் வரிகளை எடுத்துவிட்டு இசையை மட்டும் போட்டால் மென்மையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் அதிகமாக ஒட்டிக்கொண்டது! மியூட் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். விடுபட்டதை மூளை நிரப்பும். வரிகளை எடுத்துவிட்டால் அதை நிரப்பும் வேலை மூளைக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவு தொல்லை தரும் ஒன்றை மூளை ஏன் வைத்திருக்கிறது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் கூபிட், பெட்ர் யனாட்டா இருவரும், புதிதாகக் கேட்ட இசையோடு சின்னச் சின்னப் படக் காட்சிகளைச் சேர்த்துக் காட்டினார்கள். பல நாள் கழித்துக் கேட்டபோது, எவருக்கு அந்த இசை மண்டையில் அதிகம் ஓடியதோ, அவருக்கு அந்தக் காட்சிகளும் நன்றாக நினைவிருந்தன. நாம் சும்மா இருக்கும் நேரத்தில் மூளை அந்த இசையைத் திருப்பிப் படிக்கிறது. இசையோடு ஒட்டியிருந்ததும் சேர்ந்து உறுதியாகிறது.

நம் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் ராகம் போட்டுத்தான் கற்றோம். திருவேற்காட்டிலேயே, கருமாரியம்மன் கோயிலைத் தவிர வேதபுரீசுவரர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1,300 வருடங்களுக்கு முன் ஞானசம்பந்தர் பாடிய தலம். அவர் பாடிய தேவாரப் பதிகங்களை ஓதுவார்கள் இன்றும் புத்தகம் பார்க்காமல், பண்ணோடு பாடுகிறார்கள். வெறும் செய்யுளாக ஒப்பிக்கச் சொன்னால் தடுமாறுகிறவர்கூட, மெட்டோடு தொடங்கினால் முடிவுவரை போய்விடுவார். அடுத்த சொல் எங்கே நீளும், எங்கே குறுகும், எங்கே குரல் ஏறும் என்று மெட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நம்மைப் படிக்கவிடாமல் தொல்லை செய்யும் அந்த வழக்கமும், இத்தனை நூற்றாண்டாகப் பாட்டுகளைக் காப்பாற்றிய வழக்கமும் ஒரே நினைவின் வேலைதான். அதனால்தான் எனக்கு விடாப்பாட்டு என்ற பெயர் பிடித்திருக்கிறது. பாட்டு நம்மை விடவில்லையா, நாம் பாட்டை விடவில்லையா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. யாகுபோவ்ஸ்கி 2015-இல் இதைச் செய்தார். சிலர் கையில், அசைவைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைக் கட்டிவிட்டார். பாட்டு மண்டையில் ஓடும்போதெல்லாம் அவர்கள் அதன் தாளத்தைத் தட்ட வேண்டும். வீட்டிலோ கடையிலோ பஸ்ஸிலோ எங்கே இருந்தாலும் தட்டினார்கள். அவர்கள் தட்டிய வேகம் உண்மையான பாட்டின் வேகத்தை மிக நெருங்கி இருந்தது.

உங்களுக்கு வேண்டியது ஒரு நோட்டும் வினாடி முள் உள்ள கடிகாரமும்தான். விடாப்பாட்டு வந்ததும் பாட்டின் பெயரையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உள்ளே ஓடுகிற வேகத்திலேயே தொடையில் தாளம் தட்டி, 30 வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணிக் குறியுங்கள். அதன் பிறகுதான் உண்மையான பாட்டைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதற்கும் 30 வினாடி தட்டி எண்ணுங்கள். தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து செய்தால், ஆடி ஞாயிறு இரவில் எத்தனை பேர் நோட்டில் ஒரே பாட்டு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் வைத்த பெயரை நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.